அமெரிக்கா வாத்தியாரின் எல்லை நடை

பிள்ளைப்பாக்கத்தில் புருஷோத்தமன் வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். அமெரிக்கா வாத்தியார் வீடு என்று கேட்டால், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கும் ஓட்டு வீட்டைக் கை நீட்டிக் காட்டுவார்கள். இத்தனைக்கும் அந்த மனிதர் திருப்பதியைத் தாண்டிப் போனவர் இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரே டுடோரியலில் இருவரும் வேலை பார்த்தோம். நான் ஷெர்லின், ஆங்கிலம் எடுத்தேன். அவர் வரலாறு. கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. படிக்கிற பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாறு என்று ஒரு தாள் உண்டு. அந்தத் தாளில் 1800-லிருந்து நாற்பது ஆண்டுகள் அவருடைய பாட்டன் சொத்து மாதிரி. மற்றதையெல்லாம் கடமைக்கு நடத்துவார்.

அந்த வருஷம், 1991 ஜனவரியில், வளைகுடாவில் சண்டை வந்தபோது டீக்கடையில் அவரை விடவில்லை. "இன்னா வாத்தியாரே, உங்காளு இப்டி குண்டு போடறான்?" என்பார்கள். அவர் கோபப்படமாட்டார். "இவன் தலைநகரத்தையே 1814-ல வெள்ளக்காரன் கொளுத்தினான், தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். கேட்டவன் அதற்குள் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பான்.

உண்மையைச் சொன்னால் அவர் பேச்சை யாருமே முழுதாகக் கேட்டதில்லை, நான் உட்பட. பிள்ளைகள் "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று வெட்டுவார்கள். வீட்டில் சந்திரம்மாள் பாதிக் கதையில் தூங்கிவிடுவார். பிள்ளை குட்டி இல்லாத வீடு, கேட்க வேறு ஆளும் கிடையாது.

ஆனால் பக்கத்து வகுப்பிலிருந்து எனக்குக் குரல் கேட்கும். பிரெஞ்சுக்காரன் 1803-ல் அமெரிக்காவுக்கு லூசியானாவை விற்றதைச் சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு சூடு ஏறும். "வித்தவன் அங்க குடியிருக்கல. வாங்கினவன் அங்க போய்ப் பார்த்ததில்ல. காலங்காலமா இருந்தவன ஒருத்தனும் கேக்கல." அடுத்து 1809. "செவ்விந்தியத் தலைவருங்கள்ல சில பேர மட்டும் கூப்ட்டு உக்காரவெச்சு ஒப்பந்தத்துல கைநாட்டு வாங்கினான். அது எங்க எல்லாருக்கும் பொதுவான மண்ணுன்னு மத்தவங்க கத்தினாங்க. காகிதத்துக்குக் காது ஏது?" கடைசியில், அவர்களை வெளியேற்ற 1830-ல் வந்த சட்டம். துப்பாக்கி முனையில் வீட்டைவிட்டு ஓட்டப்பட்டு, பனியில் மேற்கே நடந்துபோன குடும்பங்கள். அந்த இடம் வரும்போது குரல் இறங்கி, எனக்கே கேட்காமல் போய்விடும்.

பிள்ளைப்பாக்கத்தில் ஏரிக்கு அப்பால் ஊர்ப்பொது மேய்ச்சல் நிலம் ஒன்று இருந்தது. அதன் கோடியில் எல்லையம்மன் கல். அதையும் தாண்டினால் வாத்தியார் வீடு. நிலம் பொதுவானாலும் பத்திரம் ஒருவர் பெயரில் இருந்தால் நல்லது என்று, அந்தக் காலத்தில் ஊர் கூடி வாத்தியாரின் அப்பா பெயரில் எழுதிவைத்தது. அவர் போனபின் பெயர் மகனுக்கு வந்தது. அந்த நிலத்தை அவர் விற்பார் என்று ஊர் கனவில்கூட நினைக்கவில்லை. அவரும்தான் நினைக்கவில்லை.

பாண்டுரங்கன் என்று ஒரு தரகன் மெட்ராஸிலிருந்து வந்தான். மண்ணூர்ப் பக்கம் நிலம் வாங்கி முடித்துவிட்டு ஏதோ ஒரு கம்பெனிக்காக இங்கே வந்திருந்தான். தொழில் தெரிந்தவன். நிலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "சார், உங்கள அமெரிக்கா வாத்தியார்னு சொல்றாங்களே, ஏன் சார்?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். மத்தியானம் உட்கார்ந்தவர்கள் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. லூசியானாவை முழுதும் கேட்டான். இடையில் சந்தேகம் கேட்டான். மறுநாளும் வந்தான், 1812 சண்டையைக் கேட்டான். மூன்றாம் முறை வந்தபோது, "எப்படியும் யாராவது வாங்கப்போறாங்க சார். உங்கள மாதிரி படிச்சவர் கையெழுத்துப் போட்டா கல்லுக்கு ஒரு பாதுகாப்பு. வேலி போட்டாலும் கேட்டு தெறந்தே இருக்கும், என் பொறுப்பு" என்றான்.

வாத்தியார் கையெழுத்துப் போட்டார். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பது இதுதான். காசுக்காக என்றால்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. இந்த மனிதர் தன் பேச்சைக் கேட்க ஒரு ஜோடிக் காது கிடைத்ததற்காகக் கொடுத்தார்.

வேலிக்கல் நட்டபிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. டீக்கடையில் கிண்டல் நின்றுபோனது. அவர் போனால் இடம் விடுவார்கள், டீ கொடுப்பார்கள், பேசமாட்டார்கள். "திட்டினா தேவல டீச்சர்" என்று என்னிடம் சொன்னார்.

ஆடி வந்தது. அந்த ஊரில் கூழ் வார்ப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லை கட்டுவார்கள். காப்புக் கட்டிய ஆண்கள், வாத்தியார் வீட்டையும் உள்ளடக்கி, ஊர் எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு முன்னால் போவது வாத்தியார் குடும்பத்து உரிமை. பின்னால் பூசாரி கன்னியப்பன் மூலைக்கு மூலை ரத்தச் சோறு இறைத்துக்கொண்டு வருவார். அவருக்குப் பின்னால் ஊர். கிளம்பினதிலிருந்து கோயில் திரும்பும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. கட்டிமுடித்த எல்லைக்குள் இருப்பவர்கள் மறுநாள் காப்பு அவிழ்க்கும்வரை வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே வரக்கூடாது. உள்ளே இருப்பதற்குத்தான் அம்மன் காவல்.

இந்த வருஷம் குடத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்று வாத்தியார் பயந்துகொண்டே இருந்தார். குடம் அவர் கைக்கே வந்தது. ஊர் மன்னித்துவிட்டது என்று நினைத்து அழுதுவிட்டாராம்.

எல்லை கட்டின மறுநாள் காலை டுடோரியலுக்குச் செருப்பில்லாமல் வந்தார். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் எவன் ஒரு மாதிரி நடந்தாலும் போலீஸ் நிறுத்திக் கேட்கும். அவரையும் இரண்டு இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். மணிக்கட்டில் காப்பு அப்படியே இருந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு உட்காரவைத்தேன்.

"கேட்டு தெறந்தே இருந்துச்சு டீச்சர். சொன்ன சொல்ல காப்பாத்திட்டான்னு சந்தோஷமா உள்ள பூந்தேன். பின்னால காலடி கேட்டுக்கினே வந்துச்சு. ஜல்லி கொட்டியிருந்தான், நல்லா கேட்டுச்சு."

"ஊர்க்காரங்கதானே?"

"அப்படித்தான் நெனச்சேன். கல்லாண்ட போறப்பதான் கவனிச்சேன். நம்ம ஜனம் நடக்கற நடை இல்ல அது. களைச்ச நடை. கால இழுத்து இழுத்து வெச்சாங்க. முதுகு பூரா சில்லுனு ஆயிடுச்சு. ஆடி மாசத்துல பல்லு கிட்டிப்போச்சு டீச்சர். ஊர்ல இருந்து இவ்ளோ பேர் வரலயேன்னு தோணுச்சு. அப்புறம் ஒரு கொழந்த இருமுச்சு. எல்லை கட்ட யாரு கொழந்தய தூக்கிக்கினு வருவா?"

"திரும்பிப் பார்த்தீங்களா?"

"பாக்கக்கூடாதே. நிலத்த வித்தவன், இதையாவது ஒழுங்கா செய்யணும்னு நடந்தேன். என் வூட்டு வாசலுக்கு வந்தப்ப, தூரத்துல கோயிலாண்ட பம்பை அடிக்கறாங்க. எல்லை கட்டி முடிச்சாச்சு. அப்பத்தான் திரும்பினேன். ஒருத்தரும் இல்ல."

நடந்தது இதுதான்: வேலி ஆரம்பிக்கிற இடத்திலேயே கன்னியப்பன் ஊரைத் திருப்பிவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கமாகவே சோறு இறைத்து எல்லையைக் கட்டிவிட்டார். பேசக்கூடாது என்பதால் முன்னால் போனவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் குடத்தோடு கேட்டுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே ஊர் திரும்பியது. கூழ் காய்ச்சப் போயிருந்த சந்திரம்மாள் எல்லைக்கு உள்ளே. வாத்தியார் வெளியே.

"பின்னால வந்தது யாரு சார்?" என்றேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

"உங்களுக்குத் தெரியாதா? பக்கத்து க்ளாஸ்ல இருந்து கேட்டுக்கினு இருந்தீங்களே" என்றார். "வாசல் வரைக்கும் வந்தாங்க. நின்னுட்டாங்க. போக இடம் இல்லல்ல. வூட்டுக்காரி வந்தா சொல்லமாட்டேன் டீச்சர், அது பயந்துடும்."

நான் சர்ச்சுக்குப் போகிறவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அன்று முழுவதும் அவருடைய வகுப்புப் பக்கம் நான் போகவில்லை. அவர் வலதுபக்க பெஞ்சுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் பாடம் நடத்தினார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். பரீட்சைக்கு வருமா என்று அன்றைக்கு ஒருவனும் கேட்கவில்லையாம்.

மனம் கேட்காமல் பத்து நாள் கழித்துப் பிள்ளைப்பாக்கம் போனேன். முதலில் கோயிலில் கன்னியப்பனைப் பிடித்துச் சத்தம் போட்டேன்.

"வித்த மண்ணுக்குக் காவல் கேக்க முடியுமா டீச்சர்? அம்மன் இன்னா வாட்ச்மேனா?" என்றார். பிறகு குரல் தணிந்தது. "அவருமேல கோவம் இல்ல. ஊருக்குள்ள ஒரு வூடு பாத்துத் தரோம்னு சொல்லிட்டோம். வந்துட்டா அடுத்த ஆடிக்குக் குடம் அவருக்குத்தான். வரமாட்டேன்றாரு. கேட்டுச் சொல்லுங்க."

ஏரிக்கரை மேல் நடந்து அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் வாசலில் நின்றார். அழுக்கேறின காப்பு இன்னும் மணிக்கட்டில் இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் பூசாரி அவிழ்ப்பார். சந்திரம்மாள் ஊர் காப்பு அவிழ்த்த அன்றே புருஷனிடம் வந்துவிட்டிருந்தார்.

"ஊர் கூப்பிடுதே, போங்களேன் சார்" என்றேன். "உங்களுக்கு வேணுங்கறது அதுதானே?"

"ஆமா டீச்சர். அதுதான் வேணும்" என்றார். கண் கலங்கியது. "ஆனா நா உள்ள போயிட்டா அவங்க மறுபடியும் வெளிய நிப்பாங்க. ஒரு தடவ கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னொரு தடவ முடியாது."

அதற்குள் சந்திரம்மாள் தண்ணீர்த் தவலையோடு வெளியே வந்தார். வீட்டிலிருந்த தம்ளர், சொம்பு, கிண்ணம் எல்லாவற்றையும் வாசலில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக நிரப்பினார்.

"சார் உங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவரு சொல்றது என்னிக்கு எனக்குப் புரிஞ்சுது டீச்சரம்மா? பாதியில தூங்கிடுவேன்" என்று சிரித்தார். "பொழுது சாஞ்சா வாசல்ல ஜனம் நிக்கற மாதிரி கீது. இன்னாருன்னு தெரியல. தாகத்தோட வந்தவங்கள இன்னான்னு கேக்கறது? வெச்சுடுவேன். காலையில எல்லாம் காலியா கீது."

வாத்தியார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்திரம்மாள் உள்ளே போய், மண்ணூர்ச் சந்தையில் வாங்கின புதுப் பாலாடைச் சங்கு ஒன்றைக் கழுவி எடுத்துவந்து வரிசையின் கடைசியில் வைத்தார்.

"ஒன்னு இருமிக்கினே கீது, கைக்கொழந்தை" என்று சொல்லிவிட்டு, அதில் பாலை ஊற்றினார்.