யாரும் படிக்காத ஃபைல்

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம். திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சிஸ்டம் அட்மினாக நான் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரை, செலவைக் குறைக்கிறோம் என்று நிறுத்திவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு என்னை எடுத்திருந்தார்கள். கடைசி நாளில் பாஸ்வேர்டுகளை மட்டும் அவசரமாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அன்றைக்கு எங்கள் லேபில் ஒரு அரசு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. காலையில் நடத்துகிறவர்களிடமிருந்து தகவல் வந்தது, தேர்வு சர்வரின் முகவரி மாறிவிட்டதாம். பெரிய வேலை இல்லை என்றுதான் நினைத்தேன். எங்கள் கம்ப்யூட்டர்கள் நேராக இன்டர்நெட்டுக்குப் போகாது, நடுவில் ப்ராக்ஸி சர்வர் ஒன்று உண்டு. எந்த முகவரிக்கு விடலாம், எதற்கு விடக்கூடாது என்பதெல்லாம் அதன் கான்ஃபிக் ஃபைலில் எழுதியிருக்கும். வழக்கமாக இருக்கும் இடத்தில் அந்த ஃபைலைத் திறந்து, புது முகவரியைச் சேர்த்து, ப்ராக்ஸியை ரீஸ்டார்ட் செய்தேன்.

லேபில் எல்லாத் திரையிலும் 'அனுமதி இல்லை' என்றே வந்தது.

எழுத்துப் பிழையோ என்று பார்த்தேன். ஃபைலைச் சோதிக்கும் கமாண்டைப் போட்டேன். தப்பே இல்லை என்றது. திரும்ப ரீஸ்டார்ட். அதே திரை. கீபோர்டில் விரல் வழுக்கும் அளவுக்கு வியர்த்துவிட்டது.

தேர்வு நடத்த வந்திருந்த அதிகாரி என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். "கேட் மூசேலோபு லிங்க் ராகபோதே சென்டர் கேன்சல் மேடம்" என்றார். கேட் மூடுவதற்குள் இணைப்பு வரவில்லை என்றால் தேர்வு ரத்து. அப்புறம் எந்த ஊரில் போடுவார்களோ, விஜயவாடாவோ விசாகப்பட்டினமோ, தனக்கே தெரியாது என்றார்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். ஏர்பேடு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் வராண்டா ஓரமாக உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹால் டிக்கெட்டை வாயில் கவ்வியிருந்தவள், என்னைப் பார்த்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "அக்கா, எக்ஸாம் உண்டுந்தா?" என்று கேட்டாள். உண்டும்மா என்று சொல்லிவிட்டேன். எனக்கே தெரியாத பதில். இந்தக் குழந்தையோடு அவள் எங்கே விசாகப்பட்டினம் போவாள்?

அங்கேயே நின்று, பழைய அட்மினுக்குப் போன் போட்டேன். எந்த முகத்தோடு கேட்பது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்து, "யாரு?" என்றார் மெதுவாக.

"அண்ணா, காலேஜ்லேர்ந்து பேசறேன். உங்க இடத்துக்கு வந்தவ."

வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"இன்னாம்மா ஆச்சு?"

கைக்குழந்தைக்காரி வரைக்கும் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எந்த ஃபைல மாத்திக்கினு கீற?"

சொன்னேன்.

"அத்த யாரும் படிக்கறதே இல்லம்மா. அது பேக்கேஜோட வந்த ஃபைலு. அந்த வெர்ஷன் பழசுன்னு நான் தனியா வேற ப்ராக்ஸி ஒண்ணு கட்டிப் போட்டேன். ஓடறது அதுதான். அதோட ஃபைல் யூஸர் லோக்கல் ஃபோல்டர்ல கீது. நான் சொல்றத நம்பாத, ஓடிக்கினு இருக்கறது எங்கேர்ந்து ஓடுதுன்னு நீயே பாரு."

போனை வைக்காமலே உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆமாம். அதே பெயர், அதே மாதிரி ஃபைல், வேறொரு ஃபோல்டரில். சோதனைக் கமாண்டும் இத்தனை நேரம் பழைய ஃபைலைத்தான் படித்து, சரி சரி என்று சொல்லியிருக்கிறது. முகவரியைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் 'அனுமதி இல்லை.' "இன்னும் வரல அண்ணா" என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் போனில், அவருக்குப் பின்னாலிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. "ஒக்க நிமிஷம் சார்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, என்னிடம், "கடைசில சேத்துட்டியா? அது மேலேர்ந்துதான் படிச்சிக்கினு வரும், எல்லாத்தையும் தடுன்னு ஒரு வரி இருக்கும் பாரு, அதுக்கு மேல போடும்மா. அவசரப்படாத, நான் லைன்லதான் கீறேன்" என்றார்.

வரியை மேலே நகர்த்தினேன். ரீஸ்டார்ட். முதல் திரையில் தேர்வுப் பக்கம் திறந்தது. அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. அதிகாரி கேட் பக்கம் நடந்தார். நன்றி சொல்லலாம் என்று போனைக் காதில் வைத்தால், லைன் கட் ஆகியிருந்தது.

மறுநாள் கூப்பிட்டேன். நேற்று உங்களை யார் கூப்பிட்டார்கள் என்று நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார். சித்தூரில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் காத்திருந்திருக்கிறார். அவர் முறை வந்தபோதுதான் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் அடுத்த ஆளை உள்ளே அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் முடிந்த பிறகு, அவரிடம் பேருக்கு இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

அவர், "அத்த வுடும்மா. அந்தக் கொயந்தக்காரம்மா எழுதிச்சா?" என்றார்.

"எழுதிச்சு அண்ணா. கொயந்தய வீட்டுக்காரர் வச்சிக்கினு இருந்தாரு" என்றேன்.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. பல மாதம் கழித்துத்தான் திருப்பதியில் வேறு ஒன்று அமைந்தது. இங்கே என் மேலதிகாரிகளிடம் நடந்ததைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். யாரும் படிக்காத அந்த ஃபைலின் முதல் வரியில், உண்மையான ஃபைல் எங்கே இருக்கிறது என்றும், அதைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்றும் எழுதி வைத்தேன்.

என் வேலையைப் பறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, என் இன்டர்வியூ நேரத்தில் கூப்பிட்டால் நான் போனை எடுத்திருப்பேனா என்று அடிக்கடி என்னையே கேட்டுக்கொள்கிறேன். எடுத்திருப்பேன் என்று இன்றுவரை என்னால் தைரியமாகச் சொல்ல முடியவில்லை.