தவறிய வெடி என்று சொன்னவர்

அழகரத்தினம் ரைபிள் சோதனையில் இரண்டு தரம் தவறினார். மூன்றாம் தரம் நூறு மீற்றரில் ஆறு குண்டையும் வட்டத்துக்குள் போட்டுவிட்டு எழும்பியபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்துத் தமிழர்களில் வேட்டை அனுமதி எடுத்த முதல் ஆள் அவர்தான். ஊர் சும்மா இருக்குமா? கோயிலில் கண்டவர்களெல்லாம், "என்ன அழகு, வள்ளியம்மையைப் பெத்த மானையோ சுடப்போறாய்?" என்று கேட்டார்கள். "முருகனும் வேடனாத்தானே வந்தவர்" என்று இவரும் ஒவ்வொரு தரமும் சொல்லி அலுத்துப்போனார்.

வேட்டைக்கு இவரைக் கூட்டிப்போனவர் டெனிஸ்காரரான பீற்றர். இருவரும் சாய ஆலையில் பதினெட்டு வருடம் ஒரே ஷிப்டில் நின்றவர்கள். முழுப்பெயர் வாயில் வராததால் பீற்றர் இவரை அலா என்றே கூப்பிடுவார். ஆலை மூடிய பிறகு இவர் அலுமாரி செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். பீற்றர் பென்சன் எடுத்துக்கொண்டு, ஒரு காட்டுத்துண்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த வேட்டைக் குழுவுக்குத் தலைவரானார். அந்தக் குழுவுக்காக அழகரத்தினம் ஆறு மாரிகாலம் தடியோடு வரிசையில் நடந்து மான் கலைத்தார். முட்பற்றைக்குள் விழுந்து எழும்பினார். ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. ஏழாம் வருடம் குழுவில் ஓர் இடம் வந்தபோது, கேளாமலே அவருக்குக் கொடுத்தார்கள். டென்மார்க்கில் அவர் விண்ணப்பம் நிரப்பாமல் பெற்ற ஒரே பொருள் அதுதான். அதை இழந்த கதைதான் இது.

பீற்றரின் குழுவில் ஒழுங்கு கடுமை. ஓடுகிற மானுக்கு ரைபிள் பிடிப்பதில்லை. நூறு மீற்றருக்கு அப்பாலும் பிடிப்பதில்லை. தாயும் குட்டியும் வந்தால் குட்டியைத்தான் முதலில் சுட வேண்டும். கேட்பவருக்குக் கொடுமையாய்த் தெரியும். ஆனால் தாயை இழந்த குட்டியைக் கூட்டம் ஒதுக்கிவிடும், அது மாரியில் மெலிந்து மெலிந்து சாகும். வேட்டை முடிந்ததும் விழுந்த மிருகங்களை ஊசியிலைக் கொப்புகளின் மேல் கிடத்துவார்கள். எல்லாரும் தொப்பியைக் கழற்றி நிற்க, வெடி வைத்த ஒவ்வொருவரும் தன் வெடி எங்கே போனது என்று சொல்ல வேண்டும். பட்டிருக்கலாம் என்று ஒரு சந்தேகம் இருந்தாலே போதும், மோப்ப நாய் வரும். காயப்பட்ட மானைத் தேடவென்றே பழக்கிய நாய். அதை நடத்துபவரைக் கூப்பிடுவது சட்டப்படியும் கடமை. முந்தின வருடம் ஒரு தச்சர் ஆண்மானொன்றை வயிற்றில் சுட்டுவிட்டு, முகம் வெளிறி நின்று சொன்னார். யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. நாய் வந்தது, ஒன்றரை மணித்தியாலத்தில் மானின் வேதனை முடிந்தது. தச்சர் இன்றைக்கும் குழுவில் இருக்கிறார்.

வருடத்துக்கு ஒரு தரம் உறுப்பினர் ஒரு விருந்தாளியைக் கூட்டி வரலாம். அந்த நவம்பரில் அழகரத்தினம் நவரத்தினத்தைக் கூட்டிப்போனார்.

நவரத்தினம் தமிழ்ச் சங்கத் தலைவர். ஒருகாலத்தில் நகரசபைக்கு மொழிபெயர்த்தவர். அழகரத்தினத்தின் மனைவி செல்வமலர் இலங்கையிலிருந்து வருவதற்கான பத்திரமெல்லாம் அவர் கையால் எழுதியவைதான். சங்கத்தில் பாதிப் பேருக்கு அவர் ஏதோ ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஒன்றையும் அவர் மறந்ததுமில்லை, மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை. முந்தின வருடம் அவரும் வேட்டை அனுமதி எடுத்தார். துவக்கோடு நின்ற படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது.

காரில் போகும்போதே தொடங்கிவிட்டார்.

"அழகு, இண்டைக்கு ஒண்டு விழவேணும். சங்கத்து ஒன்றுகூடலுக்கு மான் பிரட்டல் எண்டு சொல்லிப்போட்டன்."

"விழுந்தாப் பாப்பம் அண்ணை. ஓடுறதுக்கு மட்டும் பிடிச்சுப் போடாதேங்கோ. நூறு மீற்றருக்கு அங்காலயும் வேண்டாம்."

"எட, நீ எனக்குப் பாடம் எடுக்கிறியோ? உன்ர மனிசியின்ர பேப்பரை ஆரடா நிரப்பினது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அழகரத்தினமும் சிரித்தார்.

காலை பத்தரை மணியளவில் கலைப்பவர்கள் காட்டின் மறுகரையால் இறங்கினார்கள். நவரத்தினம் ஒரு பரணில். அறுபது மீற்றர் தள்ளி அடுத்த பரணில் அழகரத்தினம். புல்வெளியின் ஓரமாக ஒரு பெரிய பெண்மானும் அதன் பின்னால் குட்டியும் ஓடி வந்தன. நல்ல தூரம், நூற்றெழுபது மீற்றருக்குக் குறையாது. அழகரத்தினம் துவக்கை மடியில் வைத்துவிட்டார். பக்கத்துப் பரணிலிருந்து ஒரு வெடி கேட்டது. தாய் மானின் தலை பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டியது. கால் தடுமாறவில்லை. ஓடி ஊசியிலைக் காட்டுக்குள் போய்விட்டது. குட்டியும் பின்னாலேயே போயிற்று.

கலைப்பு முடிந்ததென்று கொம்பு ஊதியதும் அழகரத்தினம் நேரே அந்த இடத்துக்கு நடந்தார். இரத்தம் என்று இரண்டு துளிதான். உறைபனி படிந்த புல்லில் ஒரு கடைவாய்ப்பல் கிடந்தது, வேரோடும் ஒரு சிம்பு எலும்போடும். தாடை. அவருக்கு உடனே விளங்கியது. தாடை உடைந்த மான் ஓடும், நடக்கும், நிற்கும். தின்னமட்டும் முடியாது.

நவரத்தினம் பின்னால் வந்து நின்றார்.

"என்னடா தேடுறாய்? அது தலைக்கு மேலால போயிட்டுது."

அழகரத்தினம் பல்லைக் காட்டினார். நவரத்தினம் பார்த்தார், பிறகு பார்க்காதவர்போல் பீற்றர் நின்ற பக்கம் பார்த்தார்.

"அது எந்தக் காலத்துப் பல்லோ."

"இரத்தம் காயேல்லை அண்ணை. நாயைக் கூப்பிடவேணும்."

"கூப்பிட்டு? தமிழன் சுடத் தெரியாமச் சுட்டவன் எண்டு பேப்பரில வரட்டுமோ? வெள்ளையளுக்கு முன்னால எங்கட ஆக்களை நாங்களே காட்டிக் குடுக்கிறதே? நீ ஒண்டையும் காணேல்லை. விளங்குதோ?"

விழுந்த இரண்டு குட்டிமான்களைக் கொப்புகளின் மேல் கிடத்தினார்கள். தொப்பிகள் கழன்றன. பீற்றர் ஒவ்வொருவராய்க் கேட்டு வந்தார்.

"நவரத்தினம், ஒரு வெடி?"

"தவறிவிட்டது."

"அலா, நீ பக்கத்தில் இருந்தாய். பார்த்தாயா?"

பல் அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

"பார்த்தேன்" என்றார் அழகரத்தினம். "தவறிவிட்டது."

பீற்றர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். ஒரு நிமிடத்துக்குமேல் எடுக்கவில்லை.

செல்வமலர் இருபத்தாறு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். சட்டைப்பையைத் துழாவாமல் எதையும் துவைக்கிற மெசினுக்குள் போடமாட்டாள். அன்று பின்னேரமே பல் அகப்பட்டது.

"இது ஆரின்ர பல்லு?"

அவர் சொன்னார். அவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"கீழ்த்தாடையோ?"

"ஓம் போல."

"அப்ப தண்ணியும் குடிக்க ஏலாது. எங்கட இல்லத்தில விழுங்க ஏலாமக் கிடக்கிறதுகளுக்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வாயை நனைச்சு விடுறம். அப்பிடியும் அதுகள் படுற பாடு எனக்குத் தெரியும். போனை எடுங்கோ."

"நவரத்தினம் அண்ணையின்ர பேர் போயிடுமப்பா. எங்கட ஆக்களின்ர பேரும்தான்."

"பேருக்குத் தாடை இல்லை" என்று சொல்லிவிட்டு அவள் மெசினை முடுக்கினாள்.

அவர் போனை எடுக்கவில்லை. ஞாயிறு காலை தனியாகக் காட்டுக்குப் போனார். தானே கண்டுபிடித்தால் ஒருவருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்ற எண்ணம். காயப்பட்ட மானைத் தேடி நாயில்லாமல் மனிதன் நடந்தால், அது படுத்த இடத்திலிருந்து எழும்பி இன்னும் தூரம் போகும். சோதனைக்குப் படித்த புத்தகத்திலேயே அது இருக்கிறது. அவருக்கும் தெரியும். நான்கு மணித்தியாலம் நடந்தார். ஒரு தரம் மரங்களுக்குள் ஏதோ எழும்பி ஓடிய சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

திங்கள் வேலைக்குப் போனார். செல்வமலர் சோறு போட்டாள், கதைக்கவில்லை. செவ்வாய் காலை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தவள், "அது இண்டைக்கும் உயிரோடதான் நிக்கும்" என்றாள். அவர் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, மோப்ப நாய் வைத்திருக்கும் அன்னாவுக்குப் போன் எடுத்தார்.

அன்னா மூன்றே கேள்வி கேட்டாள். எங்கே? எந்தப் பக்கமாகப் போனது? எப்போது சுட்டது?

"சனிக்கிழமை."

"நான் பீற்றருக்குச் சொல்லித்தான் உள்ளே போவேன்" என்றாள்.

"சொல்லுங்கள்."

மூன்று நாள் பழைய தடத்தில் நாய் மதியம்வரை மூக்கைத் தேய்த்தது. குத்தகைக் காட்டின் எல்லையைத் தாண்டி, இரண்டு வயல் கடந்து, ஒரு கழிவு வாய்க்காலுக்குள் மானைக் கண்டது. மான் முழங்கால் தண்ணீரில் நின்றது. கீழ்வாய் தொங்கியது, நாக்கு கறுத்து வெளியே கிடந்தது. தண்ணீருக்குள் வாயை விடுவதும் எடுப்பதுமாக இருந்தது. வயிறு ஒட்டி விலா தெரிந்தது. குட்டி கரையில் நின்றது. அன்னா கிட்டப்போய் ஒரே வெடியில் முடித்தாள். குட்டி ஓடிவிட்டது. அதை எட்டிப் பிடிக்கிற நாய் அவளிடம் இல்லை.

கூடவே வந்த அழகரத்தினம் வாய்க்காலுக்குள் இறங்கி மானைப் பிடித்து இழுக்கக் குனிந்தார்.

"விடு" என்றாள் அன்னா. "நானே இழுக்கிறேன்."

பீற்றர் அன்று பின்னேரம் வீட்டுக்கே வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து இருந்தார். செல்வமலர் போட்ட கோப்பியைக் குடித்தார்.

"யார் சுட்டது என்று எனக்குத் தெரியும்" என்றார். "நான் அதற்காக வரவில்லை. உன்னிடம் கேட்டேன், அலா. எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்."

"ஓம்."

"அப்போதே சொல்லியிருந்தால் நான்கு மணிக்கு முன் முடிந்திருக்கும். உன் விருந்தாளியைத் திட்டியிருப்பேன், பிறகு எல்லாரும் சூப் குடித்திருப்போம். மோசமாகச் சுட்டவனோடு நான் வேட்டைக்குப் போவேன். நானும் மோசமாகச் சுட்டிருக்கிறேன். பட்டதைப் பார்த்துவிட்டுத் தவறிவிட்டது என்கிறவனைப் பக்கத்துப் பரணில் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது."



பீற்றர் எழும்பும்போது தயங்கினார். "இன்னொன்று. உனக்குத் தெரிய வேண்டும். 'இவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று நாங்கள் அப்போதே சொன்னோம்' என்று குழுவில் இரண்டு பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஏழு வருடமாக நான் அவர்களுக்குப் பதில் சொல்லி வந்தேன். இப்போது என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை."

எந்தப் பெயரைக் காப்பாற்றவென்று பொய் சொன்னாரோ, அந்தப் பெயர் அந்தப் பொய்யினாலேயே போயிற்று. நவரத்தினத்தின் வெடி அதைக் கெடுக்கவில்லை. இவருடைய வாய்தான் கெடுத்தது.

மார்கழியில் சங்கத்து ஒன்றுகூடல் வந்தது. மான் பிரட்டல் இல்லை, கோழிக்கறிதான். அழகரத்தினம் மண்டபத்துக்குள் போனதும் சனம் அவரைச் சூழ்ந்துகொண்டது. கையைப் பிடித்தார்கள், முதுகைத் தட்டினார்கள். "அவங்களிட்டை இதைத்தானே எதிர்பாக்கலாம்", "மனசை விடாதையும்" என்றார்கள். அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. கதை அவருக்கு முன்னே வந்து உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் நவரத்தினம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"முப்பத்தைஞ்சு வருசம் இந்த நாட்டில வேலை செய்தவன். ஒரு மான் காயப்பட்டுதாம், அவ்வளவுதான், அழகுவைக் கலைச்சுப்போட்டாங்கள். அவங்களுக்குக் கறுவல் எண்டாக் கறுவல்தான். நான் விடமாட்டன், கடிதம் எழுதப்போறன்."

அந்தக் கதை வசதியானது. தலையைக் குனிந்து 'என்ன செய்யிறது அண்ணை' என்று ஒரு பெருமூச்சு விட்டால் போதும். குழுவில் போன இடத்துக்குப் பதிலாக இந்த மண்டபத்தில் ஆயுளுக்கும் ஓர் இடம் கிடைக்கும். அழகரத்தினம் செல்வமலரைப் பார்த்தார். அவள் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவில்லை.

"கடிதம் எழுத வேண்டாம் அண்ணை" என்றார் அவர். "மானைச் சுட்டது நீங்கள். ஓடினதுக்கு, நூற்றெழுபது மீற்றரில. தாடை உடைஞ்சு போச்சுது. நீங்கள் மிஸ் எண்டு சொன்னீங்கள், நானும் ஓமெண்டு சொன்னனான். பொய் சொன்னதுக்குத்தான் கலைச்சவங்கள். அதில பிழை இல்லை."

நவரத்தினம் சிரித்தார், காரில் சிரித்த அதே சிரிப்பு.

"பாவம், அழகுக்கு மனம் சரியில்லை. தங்கச்சி, இவரை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டும்."

"மனம் சுகமாத்தான் இருக்கு அண்ணை" என்றாள் செல்வமலர். "ஒரு மாதம் பிந்தித்தான் சுகமானது."

ஒருவர், "சரி சரி, உள்வீட்டுக் கதையை இஞ்ச ஏன்?" என்றார். இன்னொருவர், "டெனிஸ்காரனோட திரிஞ்சு எங்கட மனிசரையே குற்றம் சொல்லுறார்" என்று அவர் காதில் விழும்படியே சொன்னார். கறி ஆறுகிறது என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். சனம் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு நவரத்தினத்தின் பக்கம் வரிசை கட்டியது. அழகரத்தினத்தின் இரு பக்கத்திலும் கதிரைகள் வெறுமையாயின.

இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். போட்ட சோற்றை வீணாக்கும் பழக்கம் செல்வமலருக்கு இல்லை. பிறகு எழும்பி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அத்தனை பேர் இருந்த மண்டபத்தில், அந்த மான் எத்தனை நாள் தவித்துக் கிடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.