தள்ளி வைத்த கதிரை

நாங்கள் குடியேறிய நோபிள் பார்க்கின் மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடமிருந்து சுளுக்குத் தைல வாசம் வந்ததும், இப்போது மாடிவீடுகள் முளைத்து, போதாததற்குப் பூங்கா என்று பெயரும் வைத்திருக்கிறார்களே, அந்தப் பழைய உதைபந்தாட்ட மைதானத்தின் ஈரப் புல்லுக்கு நான் நினைவில் போய்விட்டேன்.

அங்கே அப்பா விளையாடிய அணியின் மனேஜர் ஒரு பல்கேரியர். தன் நாட்டில் முழங்கால் தேய்ந்துபோகும்வரை பின்கள வீரராக ஆடியவர், சனிக்கிழமைதோறும் அதே தைலத்தைப் பூசிக்கொண்டு கோட்டோரம் நிற்பார். எதிரணி எங்கள் கோலை நெருங்கினால் உள்ளே ஆடுகிறவர்களுக்கு முன்பே அவருடைய கால் வெறுங்காற்றை உதைக்கும், பந்து உயர்ந்து வந்தால் தலை எம்பும், உட்காரப் பக்கத்தில் போட்ட கதிரையும் தேத்தண்ணிப் போத்தலும் பறக்கும். அதனால் ரோல்ஸ் பொரித்து விற்க வரும் என் அம்மா, மேசையை விரிப்பதற்கு முன்பே என்னிடம் சொல்வார்: "பிள்ளை, அங்கிளின்ர கதிரையைத் தள்ளி வை, உதைச்சுப் போடுவார்."

மைதானம் வீடு கட்டுகிறவர்களுக்கு விலைபோன பிறகு நடந்த கடைசி ஆட்டத்திலும் தள்ளித்தான் வைத்தேன். ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து அப்பாவைத் தாண்டி எங்கள் கோலை நோக்கி உருண்டபோது, நான் பந்தைப் பார்க்கவில்லை, மனேஜருடைய காலைத்தான் பார்த்தேன். அது அசையவில்லை.

அம்மா ரோல்ஸ் தட்டை அப்படியே விட்டுவிட்டு, கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் வைத்தார். தமிழிலேயே, "இருங்கோ" என்றார்.

அவர் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.