குதிரைகளுக்குப் பின்னால் சிவசாமி

செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலை அக்சிலேட்டர்மேல் வைத்து வண்டியை இரண்டு தடவை உறும வைக்கிறார் சிவசாமி. முன்னால் பெட்டி பெட்டியாக அடைபட்டு நிற்கும் குதிரைகளும் ஏறக்குறைய அதையேதான் செய்துகொண்டிருக்கின்றன. குளம்பால் தரையைக் கீறுகின்றன, நுவரெலியாக் குளிரில் மூக்கால் புகை விடுகின்றன. "பாத்தீங்களா மிஸ்ஸி, நம்ம சத்தத்துக்கு எப்புடிப் பதறுதுன்னு" என்கிறார் பின்னால் திரும்பி. அங்கே ஒரு கையால் கம்பியையும் மறு கையால் மருந்துப் பெட்டியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாதி ஜிப்ரியா, உதடு மட்டும் அசைய ஏதோ ஓதிக்கொண்டிருக்கிறார். பெட்டிக் கதவுகள் படாரென்று திறக்கின்றன. குதிரைகள் பாய்கின்றன. அம்பியூலன்ஸும் பாய்கிறது.

ஏப்ரல் சீசனில் ரேஸ்கோர்ஸில் நடக்கும் அத்தனை பந்தயத்திலும் ஓடுகிற ஒரே ஆள் சிவசாமிதான். ஒரு குதிரை ஒரு நாளில் ஒரு தடவை ஓடினாலே பெரிது. குதிரையேறும் ஜொக்கிமார் சிலதில் ஓடுவார்கள், சிலதில் உட்கார்ந்து பார்ப்பார்கள். சிவசாமி முதல் பந்தயத்திலிருந்து கடைசிப் பந்தயம்வரை எல்லாவற்றிலும் ஓடுகிறார், எல்லாவற்றிலும் கடைசியாக வருகிறார். யாராவது ஜொக்கி விழுந்தால் அந்த நிமிடமே அள்ளிக்கொள்ள, குதிரைகளுக்குப் பின்னாலேயே ஓர் அம்பியூலன்ஸ் வரவேண்டும். கடைசியாக வருவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

இந்த வேலைக்கு இவரைப்போல் பொருத்தமில்லாத ஆளை மலைநாடு முழுக்கத் தேடினாலும் பிடிக்க முடியாது. மற்ற நாட்களில் அவர் தலவாக்கலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் அம்பியூலன்ஸ் ஓட்டுகிறார். ஐம்பதைத் தாண்டிய வயது. காதை மூடும் கம்பளித் தொப்பி. ஸ்டியரிங்குக்கு மேலே கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற உயரம். முன்னால் ஒரு வண்டி போனால் அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிடும். நானுஓயா ஏற்றத்தில் மரக்கறி லொறி, கொழும்பு பஸ், சுற்றுலாக்காரர்களின் வான் எல்லாவற்றையும் முந்திய பிறகுதான் மூச்சை விடுவார். "ஏறும்போது இருந்த வலி எறங்கும்போது இல்லீங்க. புள்ள பயந்து உள்ளுக்குப் போயிருச்சு" என்று பிரசவத்துக்குப் போன ஒரு பெண் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னது இன்றைக்கும் தோட்டத்து லயத்து வீடுகளில் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. ஆனால், இவர் வண்டியில் போன எந்தப் பெண்ணும் வழியில் எதையும் பறிகொடுத்ததில்லை. லயத்துக்கு அதுவும் தெரியும்.

முதல் வருடமே மைதானத்துக்குப் பொறுப்பானவர், வெள்ளைத் தொப்பி போட்ட சிங்களப் பெரியவர், விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்: "இஸ்ஸர கரன்ன எப்பா!" முந்தவே கூடாது. கடைசிக் குதிரைக்கும் பின்னால்தான் வரவேண்டும். சைரனும் போடக் கூடாது, குதிரைகள் மிரளும். சிவசாமி பணிவாகத் தலையாட்டினார். வண்டிக்குத் திரும்பியதும் ஜிப்ரியாவிடம் கேட்டார்: "முந்தக் கூடாதுன்னா அப்புறம் அதுக்கு ரேஸுன்னு எதுக்குங்க பேரு?"

ஜிப்ரியாவின் கணவருக்கு ஹட்டனில் துணிக்கடை. குதிரைப் பந்தயம் நடக்கிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்டபோது ஜிப்ரியா சொன்ன பதில் கடைத்தெருவில் பிரசித்தம்: "நான் பந்தயம் கட்டவா போறன்? காயத்துக்குக் கட்டுப் போடத்தானே போறன்!" சிவசாமியும் பந்தயம் கட்டுவதில்லை. அவர் சொல்லும் காரணம் வேறு. "ஓடுறவன் கட்டக் கூடாதுங்க. அது ஞாயமில்ல."

மைதானத்தில் அவருக்கு ஓர் எதிரி உண்டு. ஒரு சாம்பல் நிறக் குதிரை. அச்சடித்த தாளில் அதற்கு ஏதோ இளவரசன் என்று ஆங்கிலத்தில் பெயர். சிவசாமி வைத்த பெயர் மூதேவி. ஓடும் பந்தயத்திலெல்லாம் குதிரைகளில் அதுதான் கடைசி. ஆகவே சிவசாமியின் வண்டிக் கண்ணாடிக்கு முன்னால் எப்போதும் அதன் வால் ஆடிக்கொண்டிருக்கும். அது உதைத்தெறியும் சேறெல்லாம் அவருடைய கண்ணாடியில்தான் அப்பும். வைப்பர் இழுக்க இழுக்க அவருக்கு ஆத்திரம் பொங்கும். "இந்தா பாருங்க மிஸ்ஸி, விடியக்கால ஆளெடுக்கிற பெரட்டுக்குப் போற எங்க கங்காணி இதவிட வெரசா நடப்பாரு. குதிரையாம் குதிரை!"

வேலிக்கு வெளியே ஒரு மண்மேடு இருக்கிறது. டிக்கெட் வாங்காத கூட்டம் அதில் ஏறி நின்றுதான் பந்தயம் பார்க்கும். சிவசாமியின் மனைவி காளியாயி, கொழுந்து பறிக்கும் கூட்டாளிப் பெண்களோடு ஒவ்வொரு சீசனிலும் அங்கே வந்துவிடுவார். "ஒங்க வீட்டுக்காரரு எதுல வர்றாரு?" என்று யாராவது கேட்டால் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கையை நீட்டுவார். "அந்தா, எல்லாத்துக்கும் பின்னால வெள்ளையா வருது பாருங்க, அதுதான்." சாயங்காலம் லயத்துக்குத் திரும்பும்போது வாசலுக்கு வாசல் விசாரிப்பு நடக்கும். "என்னங்க டிரைவரண்ணே, இந்த வருசமும் கடைசிதானா?" சிவசாமி நின்று பதில் சொல்லுவார்: "குதிரைக்கு வயசாகும்டா. வண்டிக்கு டயர் மாத்திக்கலாம். பொறுத்துப் பாரு."

போன ஏப்ரலில், பெரிய கோப்பைக்கான பந்தயத்தன்று காலையிலிருந்தே தூறல். புல் சவர்க்காரம் போல் வழுக்கியது. குதிரைகள் ஒரே கொத்தாகத் தூர வளைவில் திரும்பும்போது, முன்னணியில் போன செம்பழுப்புக் குதிரைக்கு முன்னங்கால் சறுக்கியது. அதன் ஜொக்கி அழகன், சீசனுக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தவர், குதிரையின் தலைக்கு மேலாகப் பறந்துபோய்ப் புல்லில் விழுந்தார். பின்னால் வந்தவை அவரைத் தாண்டியும் விலகியும் ஓடின. கூட்டத்திலிருந்து பெரிய கூச்சலொன்று எழுந்து சட்டென்று அடங்கியது. அழகன் எழுந்திருக்கவில்லை.

குதிரை எழுந்துவிட்டது. சேணம் சரிந்து வயிற்றுக்குக் கீழே தொங்க, கொஞ்ச தூரம் வெறிகொண்டு ஓடி நின்றது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பி வந்த வழியே, விழுந்து கிடந்தவரை நோக்கி நாலுகால் பாய்ச்சலில் வர ஆரம்பித்தது.

சிவசாமிக்கும் அழகனுக்கும் நடுவில் மூதேவி நின்றது. கூச்சலில் மிரண்டு பாதையில் குறுக்காக நின்றுவிட்ட அதை, மேலே இருந்த ஜொக்கி எவ்வளவு உதைத்தும் அசைக்க முடியவில்லை. தூரத்தில் வெள்ளைத் தொப்பிக்காரர் கொடியை ஆட்டுவது தெரிந்தது. போ என்கிறாரா, நில் என்கிறாரா என்பது தெரியவில்லை.

"அண்ணே, அந்தக் குதிரை வந்து மனிசன மிதிக்கப் போகுது!" என்று கத்தினார் ஜிப்ரியா.

"நல்லாப் புடிச்சுக்குங்க மிஸ்ஸி."

பழக்க தோஷத்தில் அவருடைய இடது கை சைரன் பொத்தானுக்குப் போனது. வலது கையால் அந்தக் கையை ஓங்கி ஓர் அடி அடித்தார். "ஓடுற வண்டியில ஸ்டியரிங்க விட்டுட்டுத் தன்ட கைக்குத் தானே அடிச்ச மனிசன அன்டைக்குத்தான் கண்டன்" என்று ஜிப்ரியா இன்றைக்கும் சொல்லுகிறார்.

வேலிக்கும் சாம்பல் குதிரைக்கும் இடையே ஓர் ஆட்டோ நுழைகிற அளவுதான் இடம். அதற்குள் அம்பியூலன்ஸ் புகுந்தது. இடப்பக்கக் கண்ணாடி வேலியில் அடிபட்டுத் தெறித்தது. வலப்பக்க ஜன்னலில், முதல் தடவையாக, மூதேவியின் முகம் தெரிந்தது. நீண்ட, ஈரமான, தூக்கக் கலக்கமுள்ள முகம். இதையா இத்தனை நாளாகத் திட்டினோம் என்று ஒரு கணம் அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அடுத்த கணம் பிரேக்கை மிதித்தார். வண்டி புல்லில் அரை வட்டமடித்து, கிடந்த மனிதருக்கும் வருகிற குதிரைக்கும் நடுவில் சுவர்போலக் குறுக்காக நின்றது. கணக்குப் பார்த்துத்தான் அப்படி நிறுத்தினேன் என்பார் சிவசாமி. சறுக்கித்தான் நின்றது என்பார் ஜிப்ரியா.

குதிரை வண்டியைக் கண்டு திகைத்து நின்றது. பிறகு திரும்பிப் பின்னங்காலால் கதவில் ஓர் உதை விட்டது. கதவு உள்வாங்கியது. அதோடு ஆத்திரம் தீர்ந்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நடந்துபோய், ஓடி வந்த குதிரைக்காரர்களிடம் அகப்பட்டுக்கொண்டது.

ஜிப்ரியா அதற்குள் சேற்றில் மண்டியிட்டிருந்தார். "அசையாதீங்க தம்பி. கால்விரல மட்டும் ஆட்டுங்க பாப்பம்." விரல்கள் ஆடின. சிவசாமி தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தோள் எலும்பு ஒடஞ்சிரிக்கி. கழுத்திலயும் பட்டிரிக்கோ தெரியல்ல. கழுத்துப் பட்டையப் போட்டுப் பலகையில வச்சுத்தான் தூக்கணும்" என்றார் ஜிப்ரியா. ஓடி வந்தவர்களில் நாலு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். கழுத்தில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். எலும்பும் கூடி, அழகன் இந்த வருடம் மறுபடி வந்து குதிரை ஏறினார். ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்குத் தெரியும்? பலகையில் கிடந்தபடி அவர் கேட்டது ஒன்றுதான்.

"நம்ம குதிர எத்தினியாவதா வந்துச்சு நர்ஸம்மா?"

"அது இன்னும் வந்து முடியல்ல தம்பி. பேசாம படுங்க."

வெளியே போகும் வாசல் வெற்றிக் கம்பத்துக்கு அப்பால் இருக்கிறது. மற்றக் குதிரைகள் எப்போதோ ஓடி முடித்திருந்தன. அம்பியூலன்ஸ் கடைசி நேர்ப்பாதைக்குள் திரும்பியபோதுதான், ஜொக்கிக்கு நினைவு இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கூட்டம் ஒரே மூச்சாக ஆறுதலடைந்தது. ஆறுதலடைந்த கூட்டத்துக்கு அப்போதுதான் கண் தெரிந்தது: பாதையில் இன்னும் இரண்டு பேர் பாக்கி. முன்னால் அம்பியூலன்ஸ். பின்னால், ஒருவழியாக நகரச் சம்மதித்து, தொங்கோட்டமாக வந்துகொண்டிருக்கும் சாம்பல் குதிரை.

பார்வையாளர் மேடையில் ஒருவர் எழுந்தார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். தொப்பி வைத்த சீமாட்டிகளும் எழுந்தார்கள். "அம்பியூலன்ஸ்! அம்பியூலன்ஸ்!" என்று கை தட்டத் தொடங்கினார்கள். மண்மேட்டிலிருந்து "விடாதீங்க டிரைவரண்ணே! அமுக்குங்க!" என்று தோட்டமே கத்தியது. எந்தப் பந்தயத்திலும் கூச்சல் போடாத காளியாயி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க! வெரசா வாங்க!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். அந்தக் குரல் சிவசாமியின் காதுக்கு எட்டியது. அவருடைய காலின் கட்டைவிரல் தானாகவே அழுந்தியது.

குதிரைகள் உழுதுவிட்டுப் போன குழியொன்றில் சக்கரம் இறங்கி ஏறியது. பின்னால் அழகன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்.

"அண்ணே, ஆட்டாம. கழுத்து."

கம்பம் கல்லெறி தூரத்தில் இருந்தது. மிஞ்சியிருந்த வலப்பக்கக் கண்ணாடியில் மூதேவி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓர் அமுக்கு அமுக்கினால் போதும். சிவசாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். பிறகு கியரைக் குறைத்தார். ஒரு குழி, அதை மெல்லச் சுற்றி, அடுத்த குழி, அதையும் மெல்லச் சுற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பதுபோல் வண்டியைக் கொண்டுபோனார். குளம்புச் சத்தம் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கூட்டம் தலையில் அடித்துக்கொண்டு கத்தியது.

சிவசாமி ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை முன்புறமாக மெதுவாக வீசி, போ போ என்று சாம்பல் குதிரைக்கு வழி விட்டார்.