நிற்கும் காருக்குக் காற்று

மேரு தொழிற்பேட்டையில் கார்த்திகேசு என்று ஒரு போமேன், அதாவது கார் மெக்கானிக், இருக்கிறாராம். காரைத் தொடுவதற்கு முன்னால் அதன் மூஞ்சிக்கு நேரே ஊதுபத்தி காட்டி எதையோ முணுமுணுப்பாராம். புகை நேராகப் போனால்தான் ஸ்பேனரை எடுப்பாராம், கோணிக்கொண்டு போனால் காரைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். கிள்ளான் பாசாரில் இறால் வாங்கும்போது யாரோ சொன்னதைக் கேட்டு வந்து, கார் தொல்லையில் இருந்த புனிதாவிடம் அவள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சொன்னவரும் நேரில் பார்த்ததில்லை, கேட்டவரும் பார்த்ததில்லை.

ஊதுபத்தி உண்மை. மற்றதெல்லாம் புளுகு. தச்சர் பென்சில் செருகுவதுபோல் கார்த்திகேசுவின் வலது காதில் எப்போதும் ஒரு ஊதுபத்தி இருக்கும். நீலச் சட்டையின் மார்பில் எப்போதோ மூடிப்போன ஒரு பிஸ்கட் கம்பெனியின் பெயர் தைத்திருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ என்னும் கடுந்தேநீர், அன்றைக்கு எந்தக் காரில் வேலையோ அந்தக் காரின் பக்கக் கண்ணாடியில் தொங்கும். அதைக் கவனிக்காமல் தேநீரோடு வீடு போய்ச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் உண்டு. "என் டீ உங்க வீட்டுக்கு வந்திருச்சா? குடிச்சிருங்க, கெட்டுப்போகும்" என்பார் போனில்.

ஆட்டோ கியர் கார்கள்தான் அவருக்குப் பிழைப்பு. கியர்பாக்ஸ் எண்ணெய் கொதித்தால் கியர் பிடிக்காது. மிதியை அழுத்த அழுத்த எஞ்சின் கத்தும், கார் நகராது. அந்த எண்ணெயை ஆறவைக்க ரேடியேட்டரின் குட்டிபோல ஒரு தகட்டுப் பெட்டி உண்டு. அதைக் கூலர் என்பார்கள். மாட்டுவது பெரிய வேலையில்லை. எங்கே மாட்டுவது என்பதுதான் வேலை. அதற்காக அவர் காரைப் பற்றிக் கேட்கமாட்டார். "எந்த ரோட்டுல போவீங்க? எங்க ஜேம்ல மாட்டிக்குவீங்க? பின்னால யாரு உக்காருவா?" என்று சம்பந்தம் பேச வந்தவர்போல் ஆட்களைப் பற்றியே விசாரிப்பார்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்திக் காரின் முன்னே குந்துவார். உள்ளிருக்கும் காற்றாடி எந்த இடத்தில் புகையை வெடுக்கென்று இழுக்கிறதோ, அங்கேதான் கூலர். முணுமுணுப்பு மந்திரமில்லை. பக்கத்துக் கடை ஜாகிரைத் திட்டுவது.

ஜாகிர் ஏர்கோன், அதாவது கார் ஏசி, பழுது பார்ப்பவர்; அதன் கண்டென்சர் தகடும் காரின் மூஞ்சியில்தான் காற்று வாங்கும். கார்த்திகேசு குந்திய மறுநிமிடம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"யோவ் போமேன், என் கண்டென்சர் முன்னால கொண்டாந்து உன் தட்டிய கட்டாத. ஏர்கோன் வரலன்னா என் சட்டையத்தான் பிடிப்பாங்க."

"உன் ஏர்கோன் மட்டும்தான் மூச்சு விடணுமா பாய்? என் கியர்பாக்ஸ் செத்துப் போகட்டுமா?"

"கீழ வையேன்லா."

"கீழ வெச்சா ரோட்டுல இருக்கிற பொங்கோல் மேடு முத்தம் குடுக்கும். வெள்ளம் வந்தா சேறு குடிக்கும். உனக்கென்ன, நீ ஜில்லுனு போவ."

வேலை முடிந்து கிளம்புகிறவர்களிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வார். "போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்ட் கால் குடுங்க. நான் எடுக்கமாட்டேன். எடுத்தா நீங்க நன்றி சொல்லுவீங்க, நான் பரவால்லம்பேன், வீண் பேச்சு. வழியில காரு படுத்துட்டா மட்டும் மெசேஜ் போடுங்க, லோரியோட வரேன்." அவரைப் பொறுத்தவரை, எடுக்காத அழைப்பு நல்ல சேதி.

புனிதா வந்தது ஒரு துக்கத்தின் நடுவில். கணவர் ரமணிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இடம் கிடைத்தது தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில். காலை நேரத்து ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் வரிசையில் நிற்க, அவர்களுடைய பழைய கார் சூடேறி இரண்டு தடவை படுத்துவிட்டது. தாமதமாகப் போனால் அடுத்த ஆள் காத்திருப்பார், நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். அன்றிரவு ரமணியின் கால் வீங்கும். இதற்கிடையில் ரமணியின் அக்கா இறந்து, பதினாறாம் நாள் காரியம் இன்னும் முடியவில்லை.

கார்த்திகேசு காதுக்குக் கையைக் கொண்டுபோனார். புனிதா பதறினாள்.

"அண்ணே, பூஜையெல்லாம் வேணாம்ணே. வீட்டுல தீட்டு."

அவர் கை அப்படியே நின்றது. இது பூஜையில்லை, காற்றுப் பார்ப்பது என்று சொல்லியிருக்கலாம். துக்க வீட்டுப் பெண்ணிடம் போய்த் தர்க்கம் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. "சரிமா" என்று ஊதுபத்தியைக் காதிலேயே விட்டுவிட்டார். கண்ணால் அளந்து, பம்பருக்குப் பின்னால் இடது பக்கம், கொஞ்சம் கீழே மாட்டினார். ஜாகிர்கூட மெச்சினார். மத்தியானம் கார்த்திகேசு காலியான சாலையில் காப்பார் ஊர் வரை ஓட்டிப் பார்த்தார். எண்ணெய் ஆறித்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை மெசேஜ் வந்தது. "அண்ணே நின்னுருச்சி."

லோரியோடு ஓடினார். ஹைவே ஓரத்தில் ரமணி பனியன் நனைய உட்கார்ந்திருந்தார். கார்த்திகேசு காரை லோரியில் ஏற்றினார், அவர்கள் இருவரையும் முன்னால் ஏற்றினார், பட்டறைக்குத் திரும்பாமல் நேரே பிரிக்ஃபீல்ட்ஸுக்கு விட்டார். பூக்கடைகளுக்கு நடுவில் அந்த லோரியை நிறுத்த இடமில்லை. பின்னால் ஹார்ன் அலறியது. "அலறட்டும், நீங்க மெதுவா எறங்குங்கண்ணே" என்று கையைப் பிடித்து இறக்கினார். டயாலிசிஸ் நேரம் குறைந்ததுதான். இறங்கும்போது ரமணி யாரையும் குற்றம் சொல்லவில்லை.

"இனிமே நான் கம்யூட்டர் ரயில்லயே போய்க்கிறேன் புனிதா. நீ காரோட மல்லுக்கட்டாத."

ரயில் நிலையப் படிகளில் அவர் போன மாதம்தான் விழுந்து எழுந்திருந்தார். புனிதா சேலைத் தலைப்பைக் கசக்கினாள். அதைப் பார்த்தபடி கார்த்திகேசு லோரியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் தப்புமா" என்றார், ரமணியை அங்கே விட்டுவிட்டுப் புனிதாவோடு பட்டறைக்கு வந்தபின். "ஓடுற காருக்குக் காத்துப் பார்த்து வெச்சேன். உங்களுது நிக்கிற காரு."

"அப்ப ஊதுபத்தி..."

"அது சாமிக்கில்ல, புகைக்கு. ஆனா வேணாம், உங்க மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கும். பாய்! உங்கிட்ட கொசுவத்தி இருக்கா?"

ஜாகிர் பச்சைச் சுருளில் பாதியை உடைத்துக் கொண்டுவந்தார். "கொசுவத்திக்கு ஏது தீட்டு? காட்டு, காட்டு."

புனிதா அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

எஞ்சின் ஓடியது. கார்த்திகேசு குந்தினார். தான் கூலர் மாட்டியிருந்த இடது மூலையில் சுருளைக் காட்டினார். புகை உள்ளே போகவேயில்லை. தயங்கி, திரும்பி வந்து அவர் கண்ணிலேயே அடித்தது. "பாரு, என்னையே ஏசுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெல்ல நகர்த்தி வலது மேல்பக்கம் வந்ததும், மீ நூடுல்ஸை உறிஞ்சுவதுபோல் புகை சரக்கென்று உள்ளே போனது. அது கண்டென்சருக்கு நேர் முன்னால். ஜாகிர் வாயைத் திறந்தார்.

"ரெண்டு விரல் இடைவெளி விட்டு வைக்கிறேன் பாய். பிளாஸ்டிக் கட்டுப் போட்டு இறுக்கல. இரும்புக் கால் வெச்சு நிறுத்துறேன்."

"அந்தண்ணன் வேர்த்து உக்காந்தாருன்னா உன்ன விடமாட்டேன்."

மறுநாள் மாட்டி முடித்ததும் ரமணியைப் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள். காரை வெயிலில் நிறுத்தி, ஏர்கோனைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டார்கள். கார் நகரக்கூடாது, ஜேமில் மாட்டியதுபோல் நிற்க வேண்டும். கார்த்திகேசு பானெட்டுக்குள் குனிந்து எண்ணெய்க் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஜாகிர் பின் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தபடி வந்தார்.

"தூங்கிட்டாரு."

"வேர்க்குதா?"

"குறட்டை விடுறாருய்யா."

குழாய் தொடும் சூட்டிலேயே இருந்தது. வேலை முடிந்தது. ஆனால் பானெட்டை மூடினால் சத்தம் வரும். மூவரும் அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ஆளுக்கொரு டயர் மேல் உட்கார்ந்து ரமணி தானாக விழிக்கும்வரை கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த நாள் டயாலிசிஸ். காலையில் பட்டறைக்கு வந்து, கூலரைக் கார்த்திகேசு ஒரு தடவை அசைத்துப் பார்த்தபின்தான் புனிதா காரை எடுத்தாள். ரமணி கம்யூட்டர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்; அதன் நுனி வெளியே தெரிந்தது. கார்த்திகேசு பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். "மிஸ்ட் கால் மறந்துராதமா" என்றார்.

அதன்பிறகு அவருக்கு வேலை ஓடவில்லை. போனை வேலை மேசையில் நிமிர்த்தி வைத்தார். வானொலியில் ஃபெடரல் ஹைவேயில் நெரிசல் என்றார்கள், அதை அணைத்தார். ஒருமுறை போன் 'டிங்' என்றது. எண்ணெய்க் கையோடு பாய்ந்து எடுத்தார். எங்கோ கோழி மலிவு விலை என்று ஒரு விளம்பரம்.

"நீயே போட்டுக் கேளேன்" என்றார் ஜாகிர்.

"அந்தப் பொண்ணு ஓட்டிக்கிட்டிருக்கும்."

"அப்ப உக்காரு."

உட்காரவில்லை. கார் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்த் துளி ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இல்லை. பிறகு காதிலிருந்த ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, அந்த வெற்றிடத்துக்கு முன்னே, வழக்கம்போல் குந்தினார். இழுக்கக் காற்றாடி இல்லை. புகை நேராக மேலே போனது.

"காரே இல்ல, யாருக்குய்யா காட்டுற?" என்றார் ஜாகிர்.

மேசையில் போன் அடித்தது. ஜாகிர் எட்டிப் பார்த்து, "புனிதா" என்றார். பழக்கதோஷத்தில் எடுக்கப் போனார். கார்த்திகேசு எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிடித்த கையை அவர் விடவில்லை.