நான் குடுக்கல, நீ வாங்கல

தொண்ணூறுகளின் கடைசியில், நான் தாலுகா அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, விருத்தாசலத்தில் நடந்தது இது.

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி தட்டச்சுப் பயிலகம் நடத்திவந்தார். பிள்ளைகள் எல்லாரும் கம்ப்யூட்டர் படிக்கப் போய்விட்டதால், அவரும் நகையை அடகு வைத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, திங்கட்கிழமை முதல் வகுப்பு என்று பலகை மாட்டினார். திட்டக்குடியிலிருந்துகூடப் பெண்கள் பேர் கொடுத்திருந்தார்கள். அதற்குள் மானிட்டர் புகைந்துபோயிற்று. வேறு வாங்க வழியில்லை. திங்களன்று திரை எரியாவிட்டால் அத்தனை பேரும் பஸ் நிலையத்தருகே இருந்த பெரிய சென்டருக்குப் போய்விடுவார்கள். பயிலகத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

ஊரில் பல கடைகளிலும் பீங்கான் பட்டறைகளிலும் பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் துணி போர்த்திக் கிடப்பது எனக்குத் தெரியும். எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி மாற்றிக்கொள்ளச் செய்தால் என்ன என்று தோன்றியது. "பழைய கணினிப் பொருள்கள் பரிமாற்ற முகாம்" என்று நோட்டீஸ் அடித்தேன். வணிகர் சங்கக் கட்டடத்துக்கு விண்ணப்பம், ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி, தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல். ஒரு கீபோர்டு கைமாறுவதற்கு இத்தனை முன்னேற்பாடு வேறெங்கும் நடந்திராது. அரசு விடுமுறையாகப் பார்த்து நாளும் குறித்தேன். அது வெள்ளிக்கிழமை.

கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வந்தவர்கள் பிரிண்டரையும் கீபோர்டையும் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே தவிர, ஒருவரும் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. பீங்கான் பொம்மைப் பட்டறை முதலாளி ஒருவரிடம் நல்ல மானிட்டர் இருந்தது. அவருக்கு பில் அடிக்க பிரிண்டர் வேண்டும். பயிலகத்துப் பெண்மணியிடம் ஒரு பிரிண்டர் சும்மா கிடந்தது. ஜாதகம் பார்த்துச் சேர்த்தாலும் இப்படிப் பொருந்தாது.

"மாத்திக்குங்களேன்" என்றேன் முதலாளியிடம்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொருள வெளிய குடுக்கச் சொல்றீங்களே சார்! லட்சுமி போயிடுமே."

"இது குடுக்கறது இல்லைங்க, பரிமாற்றம்" என்று நோட்டீஸைக் காட்டினேன்.

"என்ன பேரு வச்சாலும் கையவிட்டுப் போறது போறதுதான?" என்றார் பின்வரிசையிலிருந்த ஜெராக்ஸ் கடை அம்மா.

"அப்ப நாளைக்கு வச்சிக்கலாமா?"

"சனிக்கெழமையா? பொட்டி பூரா இரும்பு சார். எவன் வூட்டுக்குள்ள எடுத்துட்டுப் போவான்?" என்றார் இன்னொருவர்.

கூடமே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்தில் நிச்சயதார்த்தம். முதலாளியோ அந்த வெள்ளிக்கிழமை மாலையே சரக்கோடு வடக்கே கிளம்புகிறார். திரும்பப் பத்து நாளாகும். எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் இதற்குப் பரிகாரம் இல்லை.

பயிலகத்துப் பெண்மணி எழுந்து முதலாளியிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க குடுக்கவே வேணாம். ஊருக்குத்தான போறீங்க? வர்ற வரைக்கும் இத பாத்துக்கன்னு எங்கிட்ட வுட்டுட்டுப் போங்க. எம் பிரிண்டர ஒங்க பட்டறையில பாத்துக்கட்டும்."

முதலாளி விட்டத்தைப் பார்த்து யோசித்தார்.

"சரி, பாத்துக்கம்மா. ஆனா நான் குடுக்கல, தெரியுதா?"

"தெரியுதுண்ணே. நானும் வாங்கல."

"சும்மா வச்சிருந்தா கெட்டுப்பூடும். தெனம் போட்டு ஓட்டு."

அவ்வளவுதான், கூடம் முழுக்க அதே பேச்சு. "இதக் கொஞ்சம் பாத்துக்குங்க", "நீங்க இதப் பாத்துக்குங்க" என்று ஆளாளுக்கு ஒப்படைத்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் கட்டடம் காலி. என் நோட்டீஸில் சொன்ன பரிமாற்றம் ஒன்றுகூட நடக்கவில்லை, எல்லாம் கைமாறிவிட்டன.

திங்கட்கிழமை திரை எரிந்தது, வகுப்பு தொடங்கியது. ஊரிலிருந்து திரும்பிய முதலாளி மானிட்டரைக் கேட்கவில்லை, கொடுத்துவிட்டதாகவும் சொல்லவில்லை. பயிலகத்தைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தி, "எம் பொட்டி நல்லாருக்குதா?" என்று விசாரிப்பதோடு சரி.

இன்றும் யாராவது உதவி கேட்டு வந்து, "விதிப்படி இயலாது" என்று என் வாய் பழக்கதோஷத்தில் திறக்கும்போது, அதே காரியத்துக்கு வேறொரு வினைச்சொல் இருக்கிறதா என்று ஒரு கணம் தேடிப் பார்க்கிறேன்; பெரும்பாலும் இருக்கிறது.