ஜெசிந்தாவுக்குத் தெரிந்த 'ரான்சாக்'

இன்று மன்னார் உயிலங்குளத்தில், போருக்குப் பிறகு மீளக்குடியேறியவர்களின் வீடுகளைப் பார்க்கப் போனோம். தொண்டு நிறுவனத்து வெள்ளைக்கார அதிகாரிக்கு மொழிபெயர்க்க நானும் ஜெசிந்தாவும்.

கூரையில்லாத ஒரு வீட்டின் முன்னால் நின்று, "வீட்டை 'ரான்சாக்' பண்ணினார்களா என்று கேள்" என்று அதிகாரி ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்.

எனக்கு அந்தச் சொல் தெரியாது. ஜெசிந்தாவைப் பார்த்தேன்.

ஜெசிந்தா வீட்டுக்கார அக்காவிடம், "வீட்டைக் கிண்டிக் கிளறி எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போயிட்டினமோ அக்கா?" என்று கேட்டாள்.

"ஓம் தங்கச்சி. கதவு நிலையைக்கூட விடேல்லை."

சொல்லும்போதே அக்கா அழுதுவிட்டார். ஜெசிந்தாவின் கையைத்தான் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது வாகனத்தில் அதிகாரி அவளுக்கு மட்டும் விளக்கினார். நோர்வேப் பக்கத்துப் பழைய மொழியில் 'ரன்' என்றால் வீடு, 'சாகா' என்றால் தேடுவது. களவுபோன பொருளைத் தேடி வீட்டைச் சோதிப்பதுதான் முதலில் அதன் அர்த்தமாம். பிறகுதான் கொள்ளையடிப்பதற்கும் அதுவே பெயராகிவிட்டதாம்.

நான் வயலைப் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாளைக்குக் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் பயணம். "ஜெசிந்தா மட்டும் வந்தால் போதும்" என்று சொல்லிவிட்டார்.

அவளுக்குத் தெரிந்திருக்க முடியாத ஆங்கிலச் சொல் ஏதாவது உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கோ. அர்த்தத்தையும் சேர்த்து எழுதுங்கோ, எனக்கும் தெரிந்திருக்காது.